பயனாளி தன் குரலில் சொல்ல வேண்டும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் பிரியும் சந்து ஒன்றில் குடியிருக்கும் கெங்கம்மாவின் கணவர் அறிவு, ஒரு வெள்ளிக்கிழமை காலை தன் பேச்சை இழந்தார். இது இரண்டாவது முறை. முதல் முறை இழந்தது ஆஸ்பத்திரியில், புற்றுநோயால். இரண்டாவது முறை இழந்தது வீட்டில், இல்லக் கணினி நல வாரியத்தின் அறிவுரையைப் பின்பற்றியதால்.

முதல் முறையைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. அறிவு துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுத்தவர். மேலே கூண்டுக்குள் இருப்பவனுக்குக் கீழே இருக்கும் சரக்கு தெரியாது. கீழே நிற்பவனின் கையும் குரலும்தான் அவனுக்குக் கண். “ஆரியா… ஆரியா…” என்று அறிவு குரல் கொடுத்தால், மெல்ல இறக்கு என்று பொருள். அந்தக் குரல் கப்பலின் அடுத்த பக்கம் வரைக்கும் கேட்கும் என்று சங்கத்தில் சொல்வார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள்.

எடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அவரை ஓர் அறையில் உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லி, அவர் குரலைப் பிடித்து, வாரியம் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்திருந்த கணினிக்குள் இறக்கிவிட்டார்கள். அன்று முதல் அறிவு ஒற்றை விரலால் தட்டுவார். பொட்டி அவருடைய குரலிலேயே பேசும். ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் குரல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். என்ன வார்த்தை என்று கேட்டதற்கு அறிவு யோசிக்கவே இல்லை. ஆக, தினமும் காலையில் அந்தச் சந்து “ஆரியா… ஆரியா…” என்ற சத்தத்தில் எழுந்தது. ஆரம்பத்தில் திட்டியவர்கள் பிற்பாடு அலாரம் வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் மீன் கூடையோடு போனவள், உள்ளே போனதில்லை. எனவே அறிவு காகிதத்தில் எழுதிக் காட்டினால் அவளுக்கு அது கோலம். பொட்டி பேசினால்தான் புருஷன் பேசியதாகக் கணக்கு.

அதனால் அந்தப் பொட்டியை அவள் பொட்டியாக நினைக்கவில்லை. புருஷனின் தொண்டை என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, அதன் நெற்றிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். நெற்றி எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நடுவில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. அறிவு சாமி கும்பிடாதவர், சங்கத்துக்காரர்.

“இதுக்கு இன்னாத்துக்குடி பொட்டு?” என்று பொட்டியே அவர் குரலில் கேட்கும்.

“உன் தொண்டைக்குத்தான்யா வெக்கிறேன். நீ கம்னு கெட” என்பாள் கெங்கம்மா.

மேற்படி வெள்ளிக்கிழமை, திரையில் வாரியத்தின் அறிவிப்பு ஒன்று வந்தது. ‘புதுப்பித்தல் நிறைவுற்றது. கணினியை அணைத்து மீண்டும் தொடங்கவும்.’ வேலை பார்த்த காலமெல்லாம் சிக்னலை மதித்தவர் அறிவு. அணைத்தார். கெங்கம்மா அந்த இடைவெளியில் அவசர அவசரமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை அழுத்தி வைத்தாள். அறிவு முறைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி உறுமியது. தன் வாலையே தான் கவ்வும் வட்ட அம்பு, அதாவது வாரியத்தின் சின்னம், திரையில் பாதி வந்தது. பிறகு எல்லாம் அணைந்துவிட்டது.

மறுபடி அமுக்கினார். விளக்கு, உறுமல், பாதி அம்பு, இருட்டு. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அதேதான். ‘ஆரியா’ மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னத்தைக் கூப்பிட்டார்கள். ரவிக்கை தைப்பவள், படித்தவள். அறிவு காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுத, ஜன்னத் படித்துச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

“அண்ணே இன்னா சொல்றாருன்னா… வேணாம்க்கா. நா படிக்க மாட்டேன்.”

“படிடி. அவுரு எனுக்குத்தானே எழுதிக்கீறாரு?”

“மூள கெட்டவளே, எல்லாத்துலயும் கைய வெச்சிகினே இருப்பியான்னு போட்டுக்கீறாரு. நா சொல்லலக்கா. அவுரு சொல்றாரு.”

“நீயே சொன்ன மாரி கீதுடி” என்றாள் கெங்கம்மா. குரல் ஜன்னத்துடையது அல்லவா?

ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றால், அதற்கு வழியில்லை. வாரியம் கொடுக்கும் கணினியின் நாலு பக்கத் திருகுகளிலும் சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும். பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையும் பாதுகாப்பு கருதி அரக்கு ஊற்றி அடைத்திருந்தார்கள். முத்திரை உடைந்தால் கணினி பறிமுதல். அந்தச் சிவப்பைப் பார்த்தாலே எந்த மெக்கானிக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

ஆகவே உதவி எண்ணுக்குப் போன் செய்தார்கள்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது” என்றது ஒரு பெண் குரல், மனிதர்களுக்கு வராத பொறுமையோடு. “பயனாளி தன் பெயரைத் தன் குரலில் சொல்லவும்.”

கெங்கம்மா போனை அறிவின் வாயருகே வைத்தாள். அறிவு வாயைத் திறந்தார். கழுத்துத் துளை வழியாகக் காற்று வந்தது.

“மன்னிக்கவும். சற்று உரக்கச் சொல்லவும்.”

அவர் இன்னும் உரக்கக் காற்று விட்டார். நரம்பு புடைத்தது. கெங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். நெடுநேரம் கழித்து உயிருள்ள ஒரு பெண் வந்தாள்.

“வணக்கம், மோகனப்ரியா பேசறேன். மகிழ்ச்சியோடு உதவறேன். பயனாளி பேசறீங்களா மேடம்?”

“அவுரு பொண்டாட்டி பேசறேன்மா. அவுரால பேச முடியாது. தொண்டைய எடுத்துட்டாங்க.”

“வருந்தறோம் மேடம். பயனாளி தன் குரல்ல சொன்னாத்தான் புகார் பதிவாகும்.”

“அவுரு கொரலு அந்தப் பொட்டிக்குள்ளதான்மா கீது. அதான் ரிப்பேரு.”

“புரியுது மேடம். அப்ப பொட்டிய ஆன் பண்ணி, அது மூலமா பேசச் சொல்லுங்க.”

“ஆன் ஆவலன்னுதானே போன் பண்றேன்?”

“அதையும் பயனாளி தன் குரல்ல சொல்லணும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

கெங்கம்மா மறுநாள் டோல்கேட்டுக்குப் பஸ் ஏறினாள். வாரியத்தின் வட மண்டல மறுதொடக்கப் பிரிவு அங்கே ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கி வந்தது. லிஃப்ட் இயங்கவில்லை. ‘மறுதொடக்கத்தில் உள்ளது’ என்று அட்டை மாட்டியிருந்தார்கள். அட்டையின் மேல் ஒட்டடை இருந்தது. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போனவளை வாசலில் காவலாளி மறித்தான்.

“வந்துட்டியா? இப்ப வெளிய போயிட்டு மறுபடி வா.”

“இன்னாத்துக்கு நைனா?”

“இங்க அப்டித்தான்மா. மொத தபா வர்றது கணக்குல வராது. எல்லாரும் ஒரு வாட்டி ஆஃப் ஆயிட்டுத்தான் வரணும். கீழ தெரு வரைக்கும் போணும். பாதிப் படில நின்னுட்டு வந்தா எனுக்குத் தெரிஞ்சிடும்.”

அவளுக்கு முன்னால் ஒரு கிழவரும், கைக்குழந்தையோடு ஒருத்தியும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தையையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

இரண்டாம் முறை ஏறி வந்தவளைத் துணை இயக்குநர் வல்லரசு நேரில் வரவேற்றார். அவருக்குப் பின்னால் சுவரில், ‘அணை, பின் தொடங்கு’ என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. மேஜையில் மூன்று கணினிகள் இருந்தன. மூன்றுக்கும் துணி போர்த்தியிருந்தது.

“வணக்கம். இந்த உலகத்துல பழுதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. சரியா மறுபடி தொடங்காத குறை மட்டுந்தான் உண்டு. இந்த வாரியத்துல ஒரு புகார்கூட நிலுவையில…”

“சார், எங்க வூட்டுக்காரரு…”

வல்லரசு நிறுத்தினார். கண்ணை மூடினார். சிறிது நேரம் அப்படியே இருந்தார். பிறகு திறந்தார்.

“வணக்கம். இந்த உலகத்துல பழுதுன்னு ஒண்ணு கிடையாதும்மா…”

குறுக்கே பேசினால் முதலிலிருந்து தொடங்குவது அவரது வழக்கம் என்று பியூன் காதில் சொன்னான். கெங்கம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அதன் பயனாக முழுப் பேச்சையும் கேட்க முடிந்தது.

“ஒரு புகார்கூட நிலுவையில கிடையாது. எப்படி? மாசக் கடைசியில எல்லாப் புகாரையும் மூடிடறோம். முதல் தேதி திரும்பத் திறக்கறோம். எங்ககிட்ட இருக்கற எந்தப் புகாருக்கும் ஒரு மாசத்துக்கு மேல வயசு ஆனதில்லை. எவ்வளவு இளமையான வாரியம் பாருங்க! பணியாளர்களும் அப்படித்தான். நானே ரெண்டு தடவை சஸ்பெண்டாகி, ரெண்டு தடவை மறுபடி சேர்ந்தவன். ஒவ்வொரு தடவையும் போனப்போ இருந்ததைவிடப் பெரிய பதவியில வந்து உட்கார்ந்திருக்கேன். அதுதான் மறுதொடக்கத்தோட மகிமை. இப்ப சொல்லுங்க.”

கெங்கம்மா சொன்னாள். பொட்டி நின்றதை, குரல் உள்ளே மாட்டிக்கொண்டதை, போனில் நடந்ததை, எல்லாவற்றையும் விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னாள். வல்லரசு இரக்கத்தோடு கேட்டார். அவர் கண் ஈரமானதைப் பியூனும் பார்த்தான்.

“குரல் இல்லாட்டியும் எழுத்து மூலமா ஒரு வழி இருக்கும்மா. கணினி நின்னு போச்சுன்னு பழுதுச் சான்று கொண்டு வாங்க.”

“யாரு தருவாங்க சார்?”

“கணினியேதான் தரும். திரையில ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா அதுவே தன்னைச் சோதிச்சு, எனக்கு இன்ன கோளாறுன்னு அடிச்சுக் கொடுத்துடும்.”

“நின்னு போன பொட்டி எப்டி சார் அடிச்சிக் குடுக்கும்?”

“அதுக்குத்தான் முதல்ல அதை ஓட வைக்கணும்.”

“ஓடுச்சின்னா நா இன்னாத்துக்கு சார் ரெண்டு வாட்டி படி ஏறி வர்றேன்?”

“ஓடினா வர வேண்டியதே இல்லையே!” என்றார் வல்லரசு. “பாத்தீங்களா? இதைத்தான் நாங்க தீர்வுன்னு சொல்றோம்.”

இரண்டும் முடியாதவர்களுக்காக வாரியம் ஒரு முகாம் நடத்தவிருப்பதாகவும், அங்கே எந்தச் சான்றும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். போகும்போது காவலாளி, “நல்லபடியா போயிட்டு வாம்மா” என்றான். வர வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. முதலில் அறிவு தாள் தாளாக எழுதினார். ஜன்னத் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி ஓடி வந்து படித்தாள். பிறகு எழுதுவது குறைந்தது. ‘தண்ணி’, ‘கதவு’, ‘வேணாம்’ என்று ஒற்றைச் சொல்லாயிற்று. அதற்கு ஜன்னத் தேவைப்படவில்லை. கையைக் காட்டினாலே போதும். ஊரையே அதட்டிய மனிதர் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சந்து எழுந்திருக்க நேரமாயிற்று. கன்டெய்னர் லாரிக்குப் போகும் டிரைவர் ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னா மாமு, கொரலே காணோம்?” என்று கேட்டான். அறிவு கையைக் காட்டினார்.

ஒரு மத்தியானம் கெங்கம்மா அவருக்குப் பிடிக்குமே என்று சுறாப் புட்டு செய்தாள். அறிவு இரண்டு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். அவள் முகத்தையே பார்த்தார். பென்சிலை எடுத்தார். அதற்குள் ஜன்னத், “கூப்ட்டீங்களாண்ணே?” என்று வாசலில் வந்து நின்றுவிட்டாள். அறிவு ஜன்னத்தைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

“இன்னாய்யா? இன்னா சொல்ல வந்த? சொல்லுய்யா!”

அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பென்சிலைத் தொடவும் இல்லை. ஏதோ கடைசி வார்த்தை சொல்ல வந்து விழுங்கிவிட்டார் என்று கெங்கம்மா முடிவு செய்தாள். அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

‘மாபெரும் மறுதொடக்க முகாம்’ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. கெங்கம்மா மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து, அறிவை அதில் உட்கார வைத்து, பொட்டியை அவர் மடியில் வைத்தாள். சின்னக் குழந்தையைத் தடுப்பூசிக்கு எடுத்துப் போகிறவர்போல் அவர் அதை அணைத்துக்கொண்டு வந்தார். பந்தல் முழுவதும் அப்படித்தான் இருந்தது. ஆளுக்கொரு பொட்டி, மடியில்.

முதலில் குத்துவிளக்கு. கடல் காற்றில் திரி நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அணைந்தபோதும் மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்து, வல்லரசு எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் வல்லரசுக்குப் போர்த்தினார்கள். சால்வை தீர்ந்ததும், போர்த்தியதையே கழற்றி மறுபடி போர்த்தினார்கள். பிறகு அவர் பேசினார்.

“சில பேர் கேக்கறாங்க, கணினியைத் திறந்து உள்ளே என்னன்னு பாக்கக் கூடாதான்னு. நான் கேக்கறேன், எதுக்குப் பாக்கணும்? உள்ளே பாத்தா கோளாறு தெரியும். கோளாறு தெரிஞ்சா காரணம் கேப்பாங்க. காரணம் தெரிஞ்சா பொறுப்பு யாருன்னு கேப்பாங்க. இந்த வாரியம் மக்கள் மனசுல அப்படிப்பட்ட சங்கடங்களை ஏற்படுத்தாது!”

கைதட்டல். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும் என்று உத்தரவு. விசில் ஊதினார்கள். அமுக்கினார்கள். பந்தலில், பள்ளிக்கூடத்தில், எதிர்ச் சாரியில், மார்க்கெட்டில் என்று கண்ணுக்கு எட்டின வரையில் மின்சாரம் போய்விட்டது. எங்கோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வெடித்தது.

“இப்போது திருவொற்றியூரே மறுதொடக்கத்தில் உள்ளது!” என்று மைக் இல்லாமல் கத்தினார் வல்லரசு.

மின்சாரம் வந்தபோது பல கணினிகள் உயிர் பெற்றன. அவை பழுதாகாதவை; பிரிஞ்சி சாதப் பொட்டலம் தருவார்கள் என்று கேள்விப்பட்டு எடுத்து வந்திருந்தார்கள். அறிவின் பொட்டியில் விளக்கு, உறுமல், பாதி அம்பு, இருட்டு. உயிர் பெறாதவற்றை ஒரு வரிசையில் வைத்து, ‘தொடங்கும் நிலையில்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

கெங்கம்மா வல்லரசின் காருக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், அவுரு சோறு துன்ன மாட்டேன்றாரு. செவுத்த பாத்துகினே படுத்துகினு கீறாரு. ஏதோ ஒண்ணு சொல்ல வந்தாரு சார், சொல்லாம உட்டுட்டாரு. அத்த மட்டுமாவது நா கேக்கணும். உன் கால்ல உழறேன் சார்.”

வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உத்தரவு வரும்மா” என்றார்.

வல்லரசு சொன்னால் சொன்னதுதான். உத்தரவு வந்தது. ஜன்னத் படித்தாள்.

“மேற்படி கணினியை முழுமையாகத் துடைத்து, பிறந்த நிலைக்கு மீட்டு, மறுதொடக்கம் செய்ய ஆணையிடப்படுகிறது.”

“தொடைக்கறதுன்னா தூசியத்தானேடி?”

ஜன்னத் அறிவைப் பார்த்தாள். அறிவு தாளை வாங்கித் தானே படித்தார். எழுந்து போய், பொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“உள்ள கீற எல்லாத்தையும்க்கா” என்றாள் ஜன்னத்.

கெங்கம்மா வல்லரசுக்குப் போன் போட்டாள்.

“சார், கொரலு போயிடும் சார்!”

“பழைய குரல் போகும். வாரியத்தோட பொதுக்குரல் வரும். கவலையே படாதீங்க. ஆண் குரல் இன்னும் கொள்முதல்ல இருக்கு. இப்போதைக்குப் பெண் குரல்தான். நீங்களே கேட்டிருப்பீங்க, நம்ம உதவி எண்ல வர்றது.”

“எம் புருசன் அந்தப் பொம்பள கொரல்லயா பேசுவாரு?”

“நல்ல உச்சரிப்பும்மா. அந்தக் குரலுக்குக் கோபமே வராது.”

“கோவம் வர்லன்னா அது எம் புருசன் இல்ல சார். எனுக்கு ரிப்பேரே வேணாம். அப்டியே உட்ருங்க. உத்தரவ வாபஸ் வாங்கிக்கோங்க.”

“தாராளமா. பயனாளி தன் குரல்ல சொன்னா உடனே ரத்து பண்ணிடறேன்.”

துடைப்பதற்கு வந்தவர் பெயர் சிலுவைமுத்து. வாரியத்தின் களப் பணியாளர். கெங்கம்மா கதவை உள்ளே தாழிட்டிருந்தாள். அவர் வெளியே நின்று பொறுமையாகத் தட்டினார்.

“யம்மா, தொற. நா சொல்றத செய்யற ஆளு. நா போனா வேற ஒருத்தன் போலீஸோட வருவான். பொட்டியையே தூக்கிகினு போயிடுவான். நா பரவால்ல, உள்ள கீறத மட்டுந்தான் எடுப்பேன்.”

அதைவிட நல்ல நியாயம் அன்று வேறெங்கும் கிடைக்கவில்லை. கெங்கம்மா திறந்தாள். சிலுவைமுத்து பையிலிருந்து ஒயர்களை எடுத்துப் பரப்பினார். சந்திலிருந்து ஆட்கள் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள்போல வந்து வாசலில் நின்றார்கள். அறிவு பொட்டியை விட்டு நகரவில்லை.

சிலுவைமுத்து முதலில் ஒரு போட்டோ எடுக்கப் போனார். கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தவர் இறக்கிவிட்டார்.

“இன்னாமா இது, பொட்டு? தொடைக்கறதுக்கு முன்னாடி பொட்டிய வாரியம் குடுத்த மாரியே போட்டோ புடிக்கணும். சந்தனம், குங்குமம், தாயத்து, எலுமிச்சம் பழம், எதுவும் இருக்கக் கூடாது. ரூல்ஸு.”

“நீயே தொடச்சிக்கோ. அதுக்குத்தானே வந்துக்கீற?”

“நானா? சாமி சமாச்சாரம்மா. என் பேரு வேற சிலுவைமுத்து. நா அழிச்சேன்னு எவனாவது எழுதிப் போட்டா வேலை போயிடும். வெச்ச கைதான் எடுக்கணும்.”

கெங்கம்மா ஈரத்துணியை எடுத்து வந்தாள். வாரா வாரம் வைத்த சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து சிமென்ட்டாக இறுகியிருந்தது. துணிக்கு வரவில்லை. கொண்டையிலிருந்த ஹேர்பின்னை உருவினாள். பொத்தானைச் சுற்றி இருந்த இடுக்கில் விட்டுக் கெல்லினாள். அழுதுகொண்டே கெல்லினாள். சந்தனம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. குங்குமம் பொடியாகக் கொட்டியது. கடைசிச் செதில் விழுந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

உள்ளே போய் அமுங்கி இருந்த பொத்தான் வெளியே வந்துவிட்டது.

இத்தனை நாளும் அந்தப் பொத்தான் சந்தனத்தில் சிக்கி அமுங்கியபடியே இருந்திருக்கிறது. விடாமல் அமுக்கிப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் என்பது வாரியம் கொடுத்த கையேட்டிலேயே இருக்கிறது. வாரியத்தில் யாரும் பொத்தானைப் பார்க்கவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல.

கெங்கம்மா ஒன்றும் புரியாமல், வெளியே வந்ததை விரலால் தொட்டாள். விளக்கு எரிந்தது. விசிறி உறுமியது. அம்பு பாதி வந்தது. முக்கால் வந்தது. முழு வட்டமும் வந்து சுற்றியது.

“ஆரியா… ஆரியா…”

வாசலில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். நெடுஞ்சாலையில் யாரோ லாரியின் ஹாரனை அடித்தார்கள். அதற்குத்தான் அடித்தார்கள் என்று சந்தில் இன்றும் சொல்கிறார்கள். கெங்கம்மா ஹேர்பின்னும் கையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிலுவைமுத்துவும் சந்தோஷப்பட்டார். போட்டோ எடுத்தார். பிறகு ஒயரைக் கையில் எடுத்தார்.

“இன்னாய்யா பண்ற? அதான் ஓடுதே!”

“ஓடுதும்மா. நல்லா ஓடுது. ஆனா உத்தரவுல ஓடலன்னா தொடைக்கணும்னு போடல. தொடைக்கணும்னு மட்டுந்தான் போட்டுக்கீது. ரத்து பண்ணணும்னா பயனாளி தன் கொரல்ல…”

அவர் முடிப்பதற்குள் அறிவு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். சிலுவைமுத்து அதற்குள் வல்லரசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“நா அறிவு பேசறேன்” என்றது பொட்டி. “என் தொண்டைல கை வெச்சின்னா, நா எறங்கி வர மாட்டேன். நீ பதவிய உட்டு எறங்கிப் போற மாரி ஆயிடும்.”

போனில் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“யாருய்யா பேசறது?”

“பயனாளி சார்.”

“பயனாளிக்குக் குரல் இல்லேன்னு கோப்புல தெளிவா இருக்கே?”

“பொட்டி பேசுது சார்.”

“பொட்டி யாருடையது?”

“நம்ம வாரியத்தோடது சார்.”

வல்லரசு கண்ணை மூடியிருக்க வேண்டும். பணியில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றை அவர் சந்தித்ததில்லை.

“அப்படின்னா, வாரியத்தோட சொத்தே வாரியத்தோட உத்தரவுக்கு ஆட்சேபம் தெரிவிக்குது. இது பயனாளி விஷயமே இல்லை. உள்தகராறு. கையை எடுய்யா! ஆட்சேபிச்சவர் பெயர்ங்கற இடத்துல கணினின்னு எழுது. மேல்முறையீட்டுக் குழு முடிவு பண்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது.”

“குழு எங்க சார் கீது?”

“இன்னும் அமைக்கலை.”

சிலுவைமுத்து ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. வாரியத்தின் ஆண்டு அறிக்கையில், அறிவின் கணினி வெற்றிகரமாக மறுதொடக்கம் செய்யப்பட்டவற்றுள் ஒன்றாகவும், தகராறில் உள்ளவற்றுள் ஒன்றாகவும் இரண்டு இடங்களில் இடம் பெற்றிருக்கிறது. மாதா மாதம் முதல் தேதிக்குப் பிறகு வாரியத்திலிருந்து ஒரு சம்மன் வருகிறது. கெங்கம்மா பொட்டை இப்போது பொட்டியின் முதுகில் வைக்கிறாள். பொட்டியை அணைப்பதில்லை. மின்சாரம் போய் வந்தால், அவள்தான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை.

முதல் சம்மன் வந்த அன்று ஜன்னத்தான் வந்து படித்தாள்.

“கணினி அவர்கள் நேரில் ஆஜராகி, தன் தரப்பை வாய்மொழியாக எடுத்துரைக்க வேண்டியது.”

“இன்னான்னு பதில் போடறது?” என்றாள் கெங்கம்மா.

“ஒடம்பு சரியில்லன்னு போடு” என்றது பொட்டி.

ஜன்னத் சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனாள். கெங்கம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள். திரும்பி வந்து அறிவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யோவ். அன்னிக்கி மத்தியானம் பென்சில எடுத்த. ஜன்னத்த பாத்த. கீழ வெச்சிட்ட. அத்த நெனச்சி நெனச்சி எனுக்குத் தூக்கமே இல்லய்யா. இன்னா சொல்ல வந்த? எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லு.”

அறிவு கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். கெங்கம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“சுறாப் புட்டுல உப்பே இல்ல” என்றது அவருடைய குரல்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டினார், இரு என்று. இன்னும் தட்டினார்.

“ஊரான் வூட்டுப் பொண்ணு வாயால உன் சமையல கொற சொல்ல எனுக்கு மனசு வர்ல.”